அதன் மேல் எதுவும் ஒட்டாது என்றேன்

என் மனைவியின் இதயத்தில் கார்பனால் செய்த வால்வு ஒன்று இருந்தது. நான் வேலை பார்ப்பது இரும்பு பாகங்களின் மேல் கார்பன் பூசித் தருகிற கம்பெனியில். இரண்டும் தற்செயலாக அமைந்தவைதான். ஆனால் அவளுக்குள்ளே இருப்பதைப் பற்றி மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் நம்பினாள். அதனால் என்ன ஆயிற்று என்பதை எழுதிவிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ஊர் உத்திரமேரூர் தாலுகாவில் காவாந்தண்டலம். வீட்டில் நெல் வைக்கிற நிலம் கொஞ்சம் உண்டு. அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் டிப்ளமோ முடித்து ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் பைக்கில் வாலாஜாபாத் போய், வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவேன்.

எங்களிடம் வருகிற சாமான் எல்லாம் வேறு யாரோ செய்தவை. டீசல் இன்ஜெக்டர் ஊசிகள், பிஸ்டன் பின்கள், பிளாஸ்டிக் மூடி வார்க்கிற அச்சுகள். வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டு வரும், கறுப்பாகத் திரும்பிப் போகும். அந்தக் கறுப்புக்கு டி.எல்.சி. என்று பெயர். வைரம் மாதிரியான கார்பன் என்று அர்த்தம். சாமானைக் கழுவிக் காயவைத்து, தாங்கிகளில் வரிசையாக மாட்டி, ஆள் உயர எஃகு அறைக்குள் தள்ளிக் கதவை மூடுவோம். உள்ளே இருக்கிற காற்றைப் பம்பு உறிஞ்சி முடிக்கவே மணிக்கணக்காகும். பிறகு வெல்டிங்காரர்கள் எரிக்கிற அதே அசிட்டிலின் வாயுவைக் கொஞ்சமாக விட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஊதா வெளிச்சம் பரவும். வாயு உடைந்து அதிலிருக்கிற கார்பன் இரும்பின் மேல் படியும். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான் படியும். ஆனால் அரத்தைப் போட்டு ராவினால் அரம்தான் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் வற்றினாலும் இரும்பை இரும்பு கடிக்காது.

எங்கள் வேலைக்கு எதிரி மனிதனுடைய கை. உறை போடாமல் ஒரு விரல் பட்டால் போதும், அந்த ரேகை இருந்த இடத்தில் பூச்சு பின்னால் உரிந்துவிடும். ஒருமுறை ஆபரேஷன் கத்தரிகள் ஒரு பெட்டி வந்தன. விளக்கு பட்டு டாக்டருக்குக் கண் கூசாமலிருக்கவும், முனை மழுங்காமலிருக்கவும் கறுப்பாக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குப் பூச்சு ஓட்டியது நான்தான். ஆஸ்பத்திரிக்கு எங்கள் வேலை போகிறது என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்.

அவள் பழையசீவரத்துப் பெண். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா, அதாவது என் மாமியார், பாலாற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டையும் கத்தரியும் வைத்து மகளை வளர்த்தவர். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். என் மனைவிக்குத் தையல் தெரியும். எங்கள் ஊருக்கு வந்த மூன்றாம் மாதமே தெருவில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் பிளவுஸ் கொடுத்தார்கள். துணி வெட்டும்போது எது கேட்டாலும் பதில் வராது. வாயில் குண்டூசி இருக்கும். தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த ஆட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின.

அந்த ஆடி மாதம் அவள் ஊருக்குப் போயிருந்தபோது இருவரும் அங்கிருக்கிற மலைக் கோயிலுக்கு ஏறினோம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"சின்னதுல ஓடிக்கினே ஏறுவேங்க. இப்ப இன்னாவோ மூச்சு வாங்குது" என்றாள்.

"என் சமையல சாப்ட்டு குண்டாயிட்டே" என்று நான் கேலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சமைப்பேன்.

கார்த்திகை வருவதற்குள், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், இரண்டாம் முறையும் வைத்துக் கேட்டார். எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் இடது பக்கத்து வால்வு சுருங்கிச் சுண்ணாம்பு மாதிரி இறுகிப் போயிருந்தது. விரித்துவிட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டும் என்றார்கள். சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். மாதிரிக்கு வைத்திருந்த வால்வு ஒன்றைக் கையில் கொடுத்தார். வெள்ளைத் துணி சுற்றிய சின்ன வளையம். அதற்குள் அரைவட்டமாக இரண்டு கறுப்புத் தகடுகள், விரலால் தள்ளினால் திறந்து மூடின. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், இது கார்பனா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"நாங்க கம்பெனில இதான் மேடம் போடறோம்."

அவர் சிரித்தார். "ஒரே குடும்பம்னு சொல்லலாம். ஆனா இது வேற. கேஸை ரொம்பச் சூட்டுல உடைச்சு கிராஃபைட் மேல படிய வைக்கறாங்க."

"தேயுமா மேடம்?"

"அவங்க ஆயுசு முழுக்கத் தேயாது. தேயறது இங்க பிரச்சனை இல்லப்பா. ரத்தம் அதுல பட்டு உறையும். அதுக்குத்தான் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. மாசா மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்போம். கீரையெல்லாம் எப்பவும் ஒரே அளவு..."

அவர் இன்னும் நிறையச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் காதில் முதல் வாக்கியம்தான் நின்றது. ஆயுசு முழுக்கத் தேயாது. மற்றதெல்லாம் உப்பைக் குறை, கனம் தூக்காதே என்பதைப்போல ஒரு பட்டியலாகப் போய்ச் சேர்ந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து அவள் மறுபடியும் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அமர்ந்தால் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று சன்னமாகக் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்குத்தான் பயம். பயத்தை அவள் வேலைக்கு நடுவே, வாயில் குண்டூசி இல்லாத நேரங்களில், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பாள்.

"ஏங்க, உள்ள துரு புடிக்காதா?"

"கார்பனுக்கு ஏது துரு?"

"ரத்தம் போயிக்கினே கீதே. நம்ம மோட்டாரு பைப்புல உப்பு அடைச்சிக்கிற மாரி அடைச்சிக்காதா?"

"அது மேல எதுவும் ஒட்டாது. அதுக்கோசரந்தான் அத்த போடறாங்க. நாளைக்கி கொண்ணாந்து காட்றேன் பாரு."

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்டிருந்த பிஸ்டன் பின் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கட்டைவிரல் பருமனில், கறுப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும். அவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு அதைக் கொடுத்தேன். அருவாமணை நுனியில் வைத்துக் கீறிப் பார்க்கச் சொன்னேன். கீறினாள். கோடு விழவில்லை. இன்னும் அழுத்திக் கீறினாள். பின் வழுக்கியதே தவிர ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்ததும் பொட்டு நழுவிக் கீழே விழுந்தது.

"அய்ய, ஆமாங்க! ஒட்ட மாட்டேங்குது!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

பூச்சு படாத உள்துளை துருப்பிடிக்காமலிருக்க அந்தப் பின் முழுக்கக் கம்பெனியில் எண்ணெய் தடவியிருந்தார்கள். எண்ணெய் இருக்கிற எதிலும் பொட்டு நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். நான் எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாகவே போயிற்று. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தானே எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஆரம்பத்தில் நான் பக்கத்திலிருந்து பார்ப்பேன், பிறகு விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை காஞ்சிபுரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போவோம். எனக்கு ஷிஃப்ட் மாறியபோது அவளே தனியாகப் போய் வந்தாள். இரண்டொரு மாதம் போகாமலும் இருந்திருக்கிறாள். தையல் அதிகமாயிற்று. தீபாவளிக்கு முன்னால் துணிகள் மூட்டையாகக் கட்டிலின் மேல் கிடக்கும். அவள் மட்டும் நாளாக நாளாக வெளுத்துக்கொண்டு வந்தாள். கண்ணின் உட்பக்கம் காகிதம் மாதிரி இருந்தது. ஆபரேஷன் செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேரீச்சம்பழம் வாங்கி வந்து கொடுத்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அடுத்து ஏதோ இரும்பு தரையில் விழுந்த சத்தம். துணி வெட்டப் போகிறாள் போலிருக்கிறது, கத்தரியைத் தவறவிட்டிருப்பாள் என்று நினைத்து நான் சக்கரத்தைத் துடைத்து முடித்தேன். முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கத்தரி காலடியில் கிடந்தது. என்னைப் பார்த்து, "கத்... கத்..." என்றாள்.

கத்தரியைத்தான் கேட்கிறாள் என்று குனிந்து எடுத்து அவள் வலது கையில் கொடுத்தேன். கை அதைப் பிடிக்கவில்லை. மறுபடியும் விழுந்தது. நான் மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். "இன்னா, தூக்கம் வருதா?" என்று கேட்டேன். அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருந்தது. அந்த ஓரத்தில் எச்சில் கோடாக வழிந்தது. கண் மட்டும் என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நூற்றியெட்டு வண்டி வந்தது. காஞ்சிபுரம் போய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல் ஒரு டாக்டர் வெளியே வந்து பேசினார்.

"வால்வுல ரத்தக்கட்டி உக்காந்திருக்கு. அதுல ஒரு துணுக்கு பிரிஞ்சு மூளைக்குப் போயிருக்கு. அதான் பக்கவாதம். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களா?"

"டெய்லி சாப்பிடறா சார்."

"ரத்தப் பரிசோதனையில அப்படித் தெரியலையே. ஒரு வாரத்துக்கு மேலயே சாப்பிடாம இருந்த மாதிரி இருக்கு."

"சார், அது மேல எப்படி சார் ஒட்டும்?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், நான் கேட்டது அது.

அவர் கோபப்படவில்லை. "ரத்தம் எண்ணெய் இல்லப்பா. அதுக்கு உயிர் இருக்கு. எவ்வளவு வழவழப்பா இருந்தாலும் வெளிப் பொருள்னு அது கண்டுபிடிச்சிடும்" என்றார்.

அடுத்த நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது மெஷினின் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் மாத்திரைப் பட்டைகள் இருந்தன. அந்த மாதத்துப் பட்டையில் பதினான்கு மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன. பழைய பட்டைகளிலும் ஐந்தும் ஆறுமாக மீந்திருந்தன. இழுப்பறையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டு நாளில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. மருந்து கொடுத்து வால்விலிருந்த கட்டியைக் கரைத்துவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் எக்கோவைப் பார்த்துவிட்டு, "வால்வுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத் திறந்து மூடுது" என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

அத்தை பழையசீவரத்து நிலத்தை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். அவரும் நானும் முறைவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தோம். குளிக்க வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சியை ஸ்பூனால் இடது கன்னத்துப் பக்கம் ஊட்டுவது. மாத்திரையை இந்த முறை நானே என் கையால் கொடுத்தேன், ஒரு நாள் தவறாமல். அவளுக்கு மெல்ல மூன்று சொற்கள் திரும்பின. வா, தண்ணி, போ. 'போ' என்று சொல்லும்போது அழுவாள், அதனால் போகச் சொல்கிறாளா இல்லையா என்று தெரியாது.

ஒரு நாள் அத்தை குளிக்கப் போயிருந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"மாத்திரைய ஏன் நிறுத்தினே? நான் சொன்னதாலயா?"

என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இடது கையை எடுத்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். முன்பு எனக்குப் புரிந்த அந்த ஆட்டல் இது இல்லை. நோய் அதையும் மாற்றிவிட்டிருந்தது. ஆமாம் என்றாளா, இல்லை என்றாளா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மறுபடி கேட்கத் துணிச்சல் வரவில்லை.

கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு நாள் கேன்டீனில் எங்கள் இன்ஜினியர் எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், எதையும் வளர்த்திப் பேசாதவர். நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, இடுப்பு எலும்புக்குப் பதிலாக வைக்கிற உலோகக் குண்டில் நம்முடைய பூச்சைப் போட்டுப் பார்த்த கதையைச் சொன்னார்.

"மெஷின்ல வெச்சுத் தேய்ச்சுப் பார்த்தப்ப பிரமாதமா இருந்துச்சாம். மனுஷங்களுக்கு வெச்ச பின்னால, சில வருஷத்துல சிலருக்கு உரிய ஆரம்பிச்சிடுச்சு. பூச்சு தேயல. உடம்புத் தண்ணி சின்ன ஓட்டை வழியா அடியில பூந்து, ஒட்டியிருந்த இடத்த அரிச்சிடுச்சு. நம்ம டெஸ்ட்ல உடம்பு கிடையாது பாரு."

அவர் ஆறுதலுக்காகச் சொன்னாரா, தெரிந்ததைச் சொன்னாரா என்று தெரியவில்லை. அன்று மாலை நான் சோதனை மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல பூசிய தகட்டில் வைர முனையை அழுத்தி, மைக்ராஸ்கோப்பில் குழியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். விரிசல் இல்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனை தரம் எழுதியிருப்பேன்.

எட்டு மாதம் அவள் அப்படி இருந்தாள். ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தது. இருமித் துப்ப அவளுக்குத் தெம்பில்லை. நெஞ்சில் கட்டிக்கொண்டது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் மதியம், அத்தை அவள் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அத்தைக்கு உடனே தெரியவில்லை. பின்னலை முடித்து நாடா கட்டிவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அத்தை தன் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ்ஸில் பழையசீவரம் போவதாக ஏற்பாடு. எனக்கு அவர் அப்படிப் போய்விடக் கூடாது என்று தோன்றியது. எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தே, உங்க கைல ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்ள."

சொன்னேன். பிஸ்டன் பின்னைக் கொண்டுவந்தது, அவள் கீறிப் பார்த்தது, பொட்டு விழுந்தது, அதில் எண்ணெய் இருந்ததை நான் மறைத்தது, எல்லாவற்றையும். "அதுல எதுவும் ஒட்டாதுன்னு நாந்தான் அவ தலையில ஏத்தனேன். அந்தப் பேச்ச நம்பித்தான் மாத்திரைய உட்டுட்டா" என்றேன். சொல்லி முடித்ததும் அவர் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அத்தை ஒரு புடவையைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது நானு, மாப்ள."

எனக்குப் புரியவில்லை.

"அந்த மாத்திர சாப்ட்டதுலேந்து மாசா மாசம் அவுளுக்கு எக்கச்சக்கமா போயிக்கினு இருந்திச்சி. துணி மாத்தி மாளல. எயுந்து நின்னா கண்ணு இருட்டுதும்மான்னு போன்ல அயுவா. அந்த அஞ்சு நாளு மட்டும் நிறுத்துடி, அப்பால போட்டுக்கன்னு நாந்தான் சொன்னேன். அவ பயந்தா. டாக்டரம்மா ஒரு நாளுகூட உடக் கூடாதுன்னாங்களேம்மான்னா. அப்பால அவளே சொன்னா. அவுரு காட்டனாரும்மா, அது மேல எதுவும் ஒட்டாதாம், அஞ்சு நாளு உட்டா ஒண்ணும் ஆவாதுன்னு." புடவையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். "கடைசி மாசம் நிக்கவே இல்ல போல. பத்து நாளு, பன்னெண்டு நாளுன்னு உட்டுட்டா."

"என் கைல ஏன் சொல்லல அத்தே?"

"சொல்லட்டாம்மான்னு கேட்டா. ஆம்பளைக்கி இன்னாத்துக்கு இதெல்லாம், அது வேற பேஜாராவும்னு நாந்தான் தடுத்துட்டேன்."

இருவரும் அழவில்லை. அழுவதற்கு இருவரில் யாருக்கு உரிமை அதிகம் என்று தெரியாதவர்களைப்போல உட்கார்ந்திருந்தோம். ஒரே வீட்டில், கையெட்டும் தூரத்தில், அவளுக்கு மாதா மாதம் அப்படி ரத்தம் போயிருக்கிறது. நான் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அத்தை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை போனேன். ஏறும்போது, "சாப்டுங்க மாப்ள, பட்டினி கெடக்கக் கூடாது" என்றார்.

ஒரு மாதம் கழித்து நான் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று வால்வைக் கையில் கொடுத்துக் காட்டிய அந்த டாக்டரம்மா இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அதுக்கு வழி இருந்துச்சேப்பா. பெண்கள் நோய் டாக்டர்கிட்ட அனுப்பி மருந்து குடுத்திருப்போம், அளவைப் பார்த்து மாத்தியிருப்போம். வந்து சொல்லியிருந்தாப் போதும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாங்களும் கேட்டிருக்கணும்" என்றார்.

வெளியே மாதாந்தரப் பரிசோதனைக்கு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் இளம் பெண்கள். நான் அவர்களைத் தாண்டி நடந்து வந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வேலையை விடவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, வேலையில் குற்றமும் இல்லை. அந்த ஊசிகள் எங்கேயோ லாரிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, தேயாமல்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பழையசீவரம் போய் வருகிறேன். அத்தை மறுபடியும் கொஞ்சம் நிலத்தில் வெண்டை போட்டிருக்கிறார். நாங்கள் பாலாற்றில் தண்ணீர் வந்ததையும் வராததையும் பேசுவோம். அவளைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம், எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தவர், திடீரென்று கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் மாப்ள. அவுளுக்குப் பதினோரு வயசுல ஒரு ஜொரம் வந்திச்சி. முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சி. தொண்டையில புண்ணு வேற. கசாயம் போட்டுக் குடுத்தேன், நாலு நாள்ல எறங்கிடுச்சி, இஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். இங்க நர்சம்மா ஒருத்தங்க சொல்றாங்க, அந்த மாரி ஜொரந்தான் பின்னால வால்வக் கெடுக்குமாம். அதானா மாப்ள அது?"

அதுதான். முதல் எக்கோவின்போதே காஞ்சிபுரத்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று. அன்று எனக்குப் பதில் தெரியாது.

"தெரியல அத்தே" என்றேன். "எத்தினியோ காரணம் இருக்கும்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றச் சொன்னேன். சாப்பிட்டு முடித்து இருவரும் கொல்லையில் வெண்டை பறித்தோம். ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார், அண்ணன் வீட்டுக்கும் சேர்த்து.